சதுரகிரி: கரிசல்காட்டிலிருந்து மலையேறுகிறவர்களுக்கு

சிலம்பம் பழகுகிற பையன்கள் இருக்கிற ஊரிலெல்லாம் ஷாவோலின் பேச்சு வரும். நம் ஊரான ஏழாயிரம்பண்ணையிலும் வரும். 2011இல் ‘ஏழாம் அறிவு’ வந்தபிறகு அந்தப் பேச்சோடு காஞ்சிபுரத்துப் போதிதர்மரும் சேர்ந்துகொண்டார். இந்தப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் “எந்த மலைக்குப் போகணும்?” என்று கேட்டால் வூதாங், ஷாவோலின் என்று சொல்வான். வடமேற்கே ஒரு காலைப்பொழுதுப் பயணத்தில் இருக்கிற சதுரகிரியை அவன் அம்மாவும் சித்தியும் அமாவாசைக்குப் போகிற இடமாக மட்டும் நினைத்துக்கொண்டிருப்பான்.

இந்த அத்தியாயம் அவனுக்கும் அவன் சித்திக்கும் சேர்த்து எழுதியது. சதுரகிரியில் கோயில் உண்டு, குகை உண்டு, சித்தர் கதை உண்டு. கம்பு சுழற்றுகிற களம் கிடையாது. அது கீழே கரிசல்காட்டு ஊர்களில் இருக்கிறது. சீனாவில் இரண்டும் ஒரே மலையில் கிடைக்கும். நம் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனியாக நாள் ஒதுக்க வேண்டும். அதைப் புரிந்துகொண்டு கிளம்பினால் ஏமாற்றம் இராது.

சீனக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஷாவோலின் கோயில் ஹெனான் மாகாணத்தில் சோங் மலைத்தொடரில் இருக்கிறது. 495ஆம் ஆண்டு வாக்கில் படுவோ என்ற இந்தியத் துறவிக்காக வடக்கு வேய் அரசர் கட்டிக்கொடுத்தது. போதிதர்மர் அங்கே போனது அதற்குப் பிந்தைய கதை. அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது ஒரு பழைய சீன நூல். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்கிறது இன்னொன்று. ஷாவோலின் குத்துமுறையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நூலை வைத்துப் பரவியது. பெருமைப்படுவதற்கு முன் இவ்வளவையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. களத்தில் நாலு பேர் கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம்.

வூதாங் ஹூபேய் மாகாணத்தில் இருக்கிறது. அது புத்தர் மலை இல்லை, தாவோ மதத்தாருடையது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோங்லே பேரரசர் அங்கே கோயில் கோயிலாகக் கட்டினார். 1,612 மீட்டர் உச்சியில் செம்பில் வார்த்துப் பொன்முலாம் பூசிய மண்டபம் நிற்கிறது. 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. ஏற முடியாதவர்களுக்குக் கம்பிவட ஊர்தி உண்டு. அங்கே போகிறவர்கள் அக்டோபர் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சீனாவின் தேசிய விடுமுறை அது, மலையில் கால்வைக்க இடம் இருக்காது. ஏப்ரலும் செப்டம்பர் கடைசியும் தோது.

அந்தத் தாவோ மதத்தாருக்கும் நம் வெடிக்கட்டுக்கும், அதாவது பட்டாசுத் தொழிலுக்கும், ஒரு தொடர்பு உண்டு. சாகாமருந்து தேடிய அவர்களுடைய ரசவாதிகள்தான் வெடிமருந்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். சுமார் 9ஆம் நூற்றாண்டின் தாவோ நூல் ஒன்று, வெடியுப்பையும் கந்தகத்தையும் தேனோடு சேர்த்துக் காய்ச்சிய சிலருக்குக் கையும் முகமும் கருகி, வீடும் எரிந்துபோனது, ஆகவே இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கிறது. மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சதுரகிரிச் சித்தர்களும் இதே கந்தகத்தோடும் பாதரசத்தோடும் மல்லுக்கட்டியவர்கள் என்பதுதான் நம் தலபுராணம். போகரின் குரு காலாங்கிநாதர் சீனத்துக்குப் போய்வந்தவர் என்று சித்தர் மரபில் சொல்வார்கள். அதே காலாங்கிநாதர் சதுரகிரியில் பொன் செய்த கதையை மேலே போகும்போது கேட்பீர்கள்.

எப்போது போவது

ஆடி அமாவாசைக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து. வேண்டுதல் இருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள், அது வேறு விஷயம். லட்சக்கணக்கில் கூட்டம் வரும். ஒற்றையடிப் பாதையில் ஏறுகிற வரிசையும் இறங்குகிற வரிசையும் மோதிக்கொள்ளும். நின்று ஒரு பாறையைப் பார்க்க முடியாது, பின்னால் வருகிறவர் முழங்கை முதுகில் இடிக்கும். முதல்முறை போகிறவர்களுக்குத் தை, மாசி மாதங்களின் பௌர்ணமியோ பிரதோஷமோ போதும். மழை ஓய்ந்து ஓடையில் தண்ணீர் மெலிந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வெடிக்கட்டு வேலைக்காரர்கள் தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ் அடைத்திருக்கிற நாட்களில் போய்வரலாம் என்று நினைப்பார்கள். அது வடகிழக்குப் பருவமழை நேரம். கிளம்பிப் போய் அடிவாரத்தோடு திரும்புகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கணக்கில் வந்தவர்கள்தான்.

மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மட்டும் இல்லை. 2015 மே மாதம், கோடையில், அமாவாசைக்கு ஏறிய பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கிச் சிலர் உயிரிழந்தார்கள். கீழே அடிவாரத்துத் தாணிப்பாறையில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ ஒரு மணிநேரம் கொட்டியிருக்கும், அந்தத் தண்ணீர் ஓடை வழியாக ஒரேயடியாக இறங்கும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நாள் கட்டுப்பாடும் நேரக் கட்டுப்பாடும் இறுகின. முன்பெல்லாம் மேலேயே இரவு தங்கி விடிந்து இறங்குவார்கள். இப்போது ராத்தங்கல் கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் விட்டது ஒரு காலம். நீதிமன்ற உத்தரவுகளாலும் மழையாலும் காட்டுத்தீயாலும் இந்த விதி மாறிக்கொண்டே வருகிறது. முந்தின நாள் விருதுநகர் பதிப்புப் பத்திரிகையைப் பாருங்கள். போகும் வழியில் வத்திராயிருப்பில் இறங்கியதும் டீக்கடையில் ஒருமுறை கேளுங்கள். “இன்னைக்கு மேல விடுறாங்களாண்ணே?” என்ற ஒரு கேள்வி ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

போகும் வழி

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் வழியாகவோ வெம்பக்கோட்டை வழியாகவோ சிவகாசி. அங்கிருந்து மல்லி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் கிருஷ்ணன்கோவில் போய் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு, அப்புறம் மகாராஜபுரம், கடைசியில் தாணிப்பாறை. சிவகாசியைத் தாண்டும்வரை காய்ந்த கரிசலும் வேலிக்கருவையும் வெடிக்கட்டு வேலிகளும்தான். வத்திராயிருப்பை நெருங்கும்போது திடீரென்று வயல் பச்சையாகிவிடும், பிளவக்கல் அணைத் தண்ணீர் பாய்கிற மண் அது. நம் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸில் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் மூன்று பஸ் மாறி அடிவாரம் போய்ச்சேர நேரமாகிவிடும். காலையில் வனத்துறை வாசல் திறந்து சில மணிநேரத்துக்குள் ஏறியாக வேண்டும், நண்பகலுக்கு மேல் விடமாட்டார்கள். ஆகவே முந்தின இரவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிவிடுங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் வேன் பேசிக்கொண்டு நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதுதான் ஊர் வழக்கம். மதுரைப் பக்கமிருந்து சாப்டூர் வாழைத்தோப்பு வழியும், தேனிப் பக்கமிருந்து வருசநாடு உப்புத்துறை வழியும் இருக்கின்றன. அவை நீளமான காட்டுப் பாதைகள், நமக்கு வேண்டியதில்லை.

எதை எடுத்துப் போவது

எதை எடுத்துப் போகக்கூடாது என்பதை முதலில் சொல்கிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் முக்கியம். சதுரகிரிக் காடு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், 2021இல் அறிவித்தார்கள். அதற்கு முன்பே சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக இருந்த காடு. வாசலில் வனத்துறை பையைத் திறந்து பார்க்கும். தீப்பெட்டி, பீடி, சிகரெட், மது, பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகாது. தீப்பெட்டியும் வெடியும் செய்து பிழைக்கிற ஊரிலிருந்து வருகிறவர் சட்டைப் பையில் எப்படியும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். வீட்டிலேயே தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேலைக்குப் போட்டுப்போன சட்டையோடு நேராக வேனில் ஏறுகிறவர்களும் உண்டு. மருந்துத்தூள் படிந்த துணியோடு கோயிலில் கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பது நல்லதில்லை. குளித்து வேறு துணி மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், ஆளுக்கு ஒன்று. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம், வாழை இலையில் கட்டி மேலே துணி சுற்றினால் போதும். கோவில்பட்டி கடலைமிட்டாய் பைக்குள் இருக்கட்டும். பாதி ஏற்றத்தில் காலில் வலு குறையும்போது அதைவிட நல்ல துணை இல்லை. சாத்தூர் சேவைக் கையில் வைத்துத் தின்றுகொண்டே நடந்தால் குரங்கு பறித்துவிடும். ரப்பர் செருப்பு வேண்டாம்; பிடிமானமுள்ள பாதரக்ஷை போடுங்கள், இல்லையென்றால் வெறுங்கால். நடுவில் ஒன்றும் இல்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு வேண்டும். மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் இதயக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் ஏற வேண்டாம். பல வருஷம் தூசிக்குள் வேலை பார்த்தவர்களுக்கு நாற்பது வயதிலேயே சீக்கிரம் இளைக்கும். அவர்கள் கூட்டத்தோடு வேகம் பிடிக்காமல் தனியாக மெதுவாக ஏறட்டும்.

ஏற்றம்

சாதாரண ஆளுக்கு ஏற மூன்று, நான்கு மணிநேரம் ஆகும். படிக்கட்டு எல்லா இடத்திலும் இல்லை. பாறையும் வேரும் மண்ணும்தான் பாதை. அடிவாரத்தில் விநாயகரும் ராஜகாளியும் பேச்சியம்மனும் கருப்பசாமியும் இருக்கிறார்கள். கருப்பனிடம் சொல்லிக்கொண்டுதான் ஏறுவார்கள். இங்கே பளியர் குடியிருப்பு இருக்கிறது; இந்தக் காட்டைத் தலைமுறையாக அறிந்தவர்கள். அவர்கள் “மேல இருட்டுது, இன்னைக்கு வேண்டாம்” என்று சொன்னால் திரும்பிவிடுங்கள்.

வழுக்குப்பாறையிலும் சங்கிலிப்பாறையிலும் மாங்கனி ஓடையிலும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையைக் கடக்கும்போது தண்ணீரின் உயரத்தைவிட நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலும் பிடித்துக்கொண்டு கடக்கலாம். கலங்கல் வருகிறது, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றன என்றால் மேலே மழை இறங்கிவிட்டது என்று பொருள். கணுக்கால் அளவே இருந்தாலும் கால் வைக்காதீர்கள். உயரமான பாறையில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர் பசியோடு காத்திருப்பார், அவ்வளவுதான். அவசரப்பட்டு இறங்கினவர்கள்தான் அடித்துச் செல்லப்படுகிறார்கள்.

பாதையில் கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப்பாறை, பசுக்கிடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. நிதானமாகக் கேட்க வேண்டியது பிலாவடிக் கருப்பு இடத்துக் கதை. வாமதேவன் என்ற வணிகன் மலையில் கோயில் கட்டத் தொடங்கிக் கைப்பணம் தீர்ந்து நின்றானாம். காலாங்கிநாதர் மூலிகைத் தைலம் காய்ச்சிப் பொன் செய்து கொடுத்தாராம். வேலை முடிந்ததும் மிச்சத் தைலத்தைக் கிணற்றில் ஊற்றிப் பாறையால் மூடிக் கருப்பனைக் காவல் வைத்துவிட்டாராம். மிச்ச மருந்தைத் திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற ஒழுங்கு சித்தருக்கும் தெரிந்திருக்கிறது.

மேலே சுந்தர மகாலிங்கம் கோயில். லிங்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். பச்சைமால் என்ற இடையர் தன் பசுவின் மடியில் ஒருவர் பால் குடிப்பதைப் பார்த்துக் கம்பால் ஓங்கி அடித்துவிட்டார்; அடிபட்டவர் சிவன். அந்த அடியில் சாய்ந்ததுதான் லிங்கம் என்கிறது தலபுராணம். மலையில் கம்படிக்கு உள்ள ஒரே சான்று இதுதான், அதுவும் மாட்டுக்காரர் கம்பு. அங்கிருந்து சிறிது ஏறினால் சந்தன மகாலிங்கம், பக்கத்தில் ஆகாய கங்கை ஓடை, சட்டைமுனி குகை. தவசிப்பாறைக்கும் பெரிய மகாலிங்கத்துக்கும் வனத்துறை விட்டால் மட்டும் போங்கள். “நான் கூட்டிட்டுப் போறேன்” என்று காசு கேட்கிறவர் பின்னால் போகாதீர்கள். யானையும் கரடியும் இருக்கிற காடு.

இன்னொன்று, மூலிகை. வழியில் கண்ட செடியைப் பறிப்பது குற்றம். கீழே “சதுரகிரி மூலிகை” என்று பொட்டலம் கட்டி விற்பதை வாங்குவது வீண். கருநெல்லி என்று கையில் கொடுப்பது காட்டுக்குள்ளிருந்து வந்தது என்பதற்கு விற்கிறவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. வர்மம் தெரியும், முதுகுவலியைத் தொட்டதும் எடுத்துவிடுவேன் என்று அடிவாரத்தில் பிடித்து இழுக்கிறவரிடமும் உடம்பைக் கொடுக்காதீர்கள். வர்மப் புள்ளிகள் 108 என்பது மரபுக் கணக்கு. அதில் 12 படுவர்மம், தவறாகப் பட்டால் ஆள் எழுந்திருக்கமாட்டார் என்று ஆசான்களே சொல்வார்கள். வலி இருந்தால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பிற்பகல் தொடங்கியதும் இறங்கத் தொடங்கிவிடுங்கள். முழங்கால் வலிப்பது இறக்கத்தில்தான்.

இன்னொரு நாள், களம்

மலையேறிய மறுநாள் உடம்பு நோகும். சிலம்பம் பார்ப்பதை வேறொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கத்து அம்மன் கோயில் பொங்கல்கள் வரிசையாக வரும். விருதுநகர் பங்குனிப் பொங்கல் அதில் பெரிது. முளைப்பாரி, சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுகிறவர்களைப் பார்க்கலாம். தைப்பொங்கலுக்கும் உண்டு.

ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையம். 1799இல் கட்டபொம்மன் வீழ்ந்தபோது பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பினியார் பறித்த பாளையங்களில் இதுவும் ஒன்று. கோட்டைகளை இடித்தார்கள், ஈட்டி, துப்பாக்கிகளைப் பறித்தார்கள். கம்பை எப்படிப் பறிப்பது? மாட்டுக்காரன் கையிலும் கிழவன் கையிலும் இருப்பது அதுதானே. ஆயுதமெல்லாம் போனபிறகும் ஆட்டம் ஊரில் தங்கியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஊர்வலத்தில் பார்ப்பது அலங்கார வீச்சு. தீப்பந்தம், சுருள்வாள், மான்கொம்பு எல்லாம் அதில் வரும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் ஆட்டம் தெரிய வேண்டுமென்றால் ஒரு சாதாரண சாயங்காலம் களத்துக்குப் போய் ஆசான் சிறுபிள்ளைகளுக்குக் காலடி சொல்லிக்கொடுப்பதைப் பாருங்கள். கம்பு நிமிர்த்தினால் நெற்றிக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அளந்து கொடுப்பார். முதலில் சலாம் வரிசை: மண்ணைத் தொட்டு, ஆசானை வணங்கி, எதிராளியை வணங்கி, அதன்பிறகே கம்பு நகரும். கம்பைவிடக் காலைப் பாருங்கள். மணிக்கட்டு எவ்வளவு சுழன்றாலும் பாதம் மண்ணை உரசிக்கொண்டே போகும், தூக்கி வைக்கிற பிள்ளைக்குக் கெண்டைக்காலில் ஒரு தட்டு விழும். போட்டியில் எதிராளி உடம்பைக் கம்பு நுனி தொட்டதா என்பதுதான் கணக்கு, பலமாக அடித்ததற்குப் புள்ளி இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தது. அதிலிருந்து பெண்பிள்ளைகளை அனுப்புகிற வீடுகள் கூடியிருக்கின்றன என்று களத்தில் சொல்கிறார்கள்.

களத்துக்குள் செருப்போடு போகாதீர்கள். கீழே கிடக்கிற கம்பைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். படம் எடுக்கும் முன் “ஐயா, எடுத்துக்கலாமா?” என்று ஆசானைக் கேளுங்கள், சிலர் அலங்காரத்துக்குச் சரி என்பார்கள், அடிமுறைக்கு வேண்டாம் என்பார்கள். வர்மம் பற்றி முதல்நாளே கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஒரு நாள் கற்றுக்கொள்ள விரும்பினால் வெற்றிலை பாக்கோடு தட்சணை வைத்துக் கேளுங்கள். தொகை அவரவர் இஷ்டம்.

கம்பு வாங்க விரும்புகிறவர்கள் ஆசான் மூலமாகவே வாங்குங்கள். கணு நெருக்கமாக, நேராக, காய்ந்ததாக அவர் பொறுக்கித் தருவார். பஸ்ஸில் கொண்டுவரும்போது கண்டக்டர் முறைப்பார். பின்வாசல் பக்கம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டால் ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டில் வெயிலில் போடாமல் நல்லெண்ணெய் தடவி நிழலில் சாய்த்து வையுங்கள். அந்தக் கம்பைச் சதுரகிரிக்குக் கொண்டுபோக வேண்டாம். ஊன்றி ஊன்றி நுனி பிளந்துவிடும், பாறை ஏறுவதற்கு அடிவாரத்தில் விற்கிற மட்டக் கம்பே போதும்.